கிறிஸ்தோப்பர் குறை சொல்லாத வாரம்

சாப்பாட்டுக் கடைக்குள் போகுமுன் கிறிஸ்தோப்பர் எதிர்ப்பக்க நடைபாதையில் கால் மணி நேரம் நிற்பார். வாசலில் ஒட்டியிருக்கும் விலைப்பட்டியலை அவர் பார்ப்பதில்லை. வெளியே வருகிறவர்களைத்தான் பார்ப்பார். சாப்பிட்டு வந்தவர் கடைக்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா நின்றால் அது நல்ல கடை. விறுவிறென்று நடந்து போனால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். "நல்லாச் சாப்பிட்டவனுக்கு உடனை நடக்க மனம் வராது" என்பார்.

குருநகர்க்காரர், நாற்பத்தாறு வயது. வடக்கே வல்-டோர் நகருக்கும் அப்பால் ஒரு சுரங்கத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நூற்றிருபது பேருக்குச் சமைக்கிறார். வருடம் முழுக்க உருளைக்கிழங்கும் பன்றியிறைச்சியும் அவித்துப் போடும் மனிதர், ஓகஸ்டில் ஒரு வாரம் பேருந்தேறி மொன்றியலுக்கு வருவது சாப்பிடுவதற்காக மட்டுமே. படுக்கை, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஊர்ச் சிநேகிதர் இரவிச்சந்திரன் வீட்டு ஹோலில்.

செலவு நாளொன்றுக்கு இருபது டொலரைத் தாண்டக் கூடாது. ஒரு வேளையும் மோசமாகச் சாப்பிடவும் கூடாது. இதற்கு அவரிடம் வழி இருந்தது. காலையில் விறகடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த எள்ளுத் தூவிய வளையப் பாண், பேகல், ஒன்று. கை மாற்றி மாற்றி, நின்றபடியே தின்பார். பெரிய சாப்பாடு மத்தியானத்தில். இரவு மேசை விரிப்புப் போட்டு முப்பது டொலருக்கு வைக்கிற அதே மீனை, அதே சமையற்காரர் மத்தியானம் பத்து டொலருக்குத் தருவார். "மீனுக்கு நேரம் தெரியுமே?" மாலையில் ஜான்-டலோன் சந்தை மூடப்போகும் நேரம் போனால், கூடைத் தக்காளி பாதி விலைக்கு இறங்கியிருக்கும். பாணும் ஒரு துண்டுச் சீஸும் சேர்த்து வாங்கி, பூங்கா இருக்கையில் பேனாக்கத்தியை விரித்தால் ராப்போசனம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அன்றைய குறைகளைச் சொல்வார். கோழி நல்லது, ஆனால் வாட்டிய அடுப்புக்கரி ஈரம். சூப்பில் நேற்றைய மரக்கறி. எலுமிச்சம்புளி விட்டது அடுப்பை அணைக்குமுன், அது பிழை. இரவிச்சந்திரனின் மனைவி இந்திராதேவி தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்து கேட்பாள். "அண்ணையின்ரை குறையைக் கேட்டாலே நானும் அந்தக் கடையிலை சாப்பிட்ட மாதிரி" என்பாள்.

தொண்ணூற்றைந்தில் வந்தபோது மட்டும் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. மூன்று நாள் இரவும் ஒரே பதில்: "நல்லாயிருந்தது பிள்ளை."

"என்ன அண்ணை, இந்த முறை ஊரிலை எல்லாரும் சமைக்கப் பழகிட்டினமோ?" என்று இந்திராதேவி கேட்டாள்.

"வயசு போகுதெல்லோ" என்று சிரித்துச் சமாளித்தார்.

நடந்தது வேறு. பெப்ரவரியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சலும் மூக்கடைத்த தடிமனும் போய்விட்டன. மூக்குக்கு மணம் மட்டும் திரும்பவில்லை. வெங்காயம் வதங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். உப்பைக் கரண்டியால் அளந்தார். மற்றதையெல்லாம் மணிக்கூட்டைப் பார்த்து இறக்கினார். நாலு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஜூனில் திரைந்த பால் ஊற்றிய சூப் நாற்பது கோப்பை மேசைக்குப் போய், நாற்பதும் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் பாத்திரம் கழுவத்தான் வேலை இருக்கும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். கொழும்பில் மனைவி யோசெப்பினும் மகளும் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்காகக் கொடுத்த வேலைக் கடிதத்தில் 'சமையற்காரர்' என்று எழுதியிருந்தது.

ஆகவே அந்த வருடம் தன்னைச் சோதித்துப் பார்க்கத்தான் வந்தார். பிடித்த கடைகள் ஒவ்வொன்றுக்கும் போனார். போர்த்துக்கீசக் கடையில் கரியில் வாட்டிய அரைக்கோழியை வைத்தார்கள். வாயில் உப்பு இருந்தது, சூடு இருந்தது, கோழி இல்லை. எலும்பு வரை தின்றுவிட்டு வெளியே வந்தார். நிற்காமல் நடந்தார்.

வியாழக்கிழமை சந்தையில் பழம் விற்கும் செலீன், நாலு வருடப் பழக்கத்தில், ஒரு கீற்று முலாம்பழம் வெட்டி நீட்டினாள். தின்றார், சுரங்கத்தில் பழகிய கரடுமுரடான பிரெஞ்சில் நல்ல பழம் என்று புகழ்ந்தார். செலீன் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு அதே பழத்தில் இன்னொரு கீற்று வெட்டித் தானே கடித்துப் பார்த்து, குப்பைப் பெட்டிக்குள் துப்பினாள்.

"இது உள்ளே ஊசிப் போயிருக்கிறது மிசியே. உங்களுக்குத் தெரியவில்லையா?"

தமிழில் என்றால் அவர் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பார். பிரெஞ்சில் அவரிடம் அவ்வளவு சொற்கள் இல்லை. மூக்கைத் தொட்டுக் காட்டினார். "முடிந்தது. ஆறு மாதம்" என்றார். செலீன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் அக்காவுக்கும் இப்படித்தான் போய், ஒரு வருடம் கழித்து வந்தது என்றாள். வேறு ஒரு பழத்தைக் கையில் வைத்து, காசு வாங்காமல் அனுப்பினாள். அன்றிரவு ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை பின்னேரம். மறுநாள் காலை பேருந்து. வாசலுக்கு வெளியே இரும்புப் படியில் உட்கார்ந்து சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தவருக்குப் புகை மணம் வந்தது. எழும்பவில்லை. மார்ச்சில் இப்படித்தான், இல்லாத புகை இரண்டு தரம் மணந்து, ஓடிப்போய் அணைந்திருந்த அடுப்பைப் பார்த்து நின்றவர். மூச்சை அடக்கினார். விட்டார். புகை போகவில்லை.

குசினி வாசலில் போய் நின்றார். உள்ளே இந்திராதேவி முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, ஏதும் அடிப்பிடிக்குதோ? இல்லாட்டி எனக்கு மட்டுந்தான் மணக்குதோ?"

அவள் திரும்பி, ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடி மூடியைத் தூக்கினாள். "ஓம் அண்ணை. பருப்புப் போச்சு." முகம் கறுத்துவிட்டது. "நாளைக்குப் போற மனிசனுக்கு ஒரு கறி ஒழுங்கா வைப்பமெண்டு பார்த்தன். கடை கடையாச் சாப்பிட்ட உங்களுக்கு இதை எப்படி வைக்கிறது?"

"உண்மையாத்தான் அடிப்பிடிச்சதோ?"

"என்ன அண்ணை கேள்வி? வீடு முழுக்க மணக்குதே."

சட்டியைக் கழுவுதொட்டிக்குள் வைத்துக் குழாயைத் திறக்கப் போனாள். "தண்ணி விடாதை" என்று கிறிஸ்தோப்பர் மெதுவாகச் சொல்லி, பழந்துணியால் பிடித்துச் சட்டியை வாங்கிக்கொண்டார். குசினித் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். அகப்பைக் காம்பால் அடியைச் சுரண்டி, ஒரு கறுப்புத் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். முதலில் கரி. அதற்குப் பின்னால் கசப்பு. வெகுநேரம் கழித்து, எங்கோ தூரத்தில், உள்ளிப் பூண்டு.

அகப்பையைத் தரையில் வைத்தார். சட்டியை இரண்டு கையாலும் தூக்கி, முகத்தை அதற்குள் கவிழ்த்துக்கொண்டார்.