பாட்டுக்கு நடுவே ஒரு சிரிப்பு

கேசட்டின் கரகரப்புக்குள் அந்தப் பெண் சிரித்ததும் என் விரல் நின்றுவிட்டது. கணினியில் குவிந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான பாட்டுகளைப் பிரித்து, நட்சத்திரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். இது அப்பாவின் பழைய கேசட்டிலிருந்து மாற்றியது.

அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வருவார். திரும்பும்போது பெட்டியில் சோப்பு வாசனையோடு ஒரு கேசட் இருக்கும். அப்படி வந்த ஒருநாள் எங்கள் திரேஸ்புரத்து வீட்டில் நண்டுக் குழம்பு கொதிக்க, பாட்டுக்கு நடுவே இந்தச் சிரிப்பு. அம்மா கரண்டியோடு வந்து, அந்த இடத்தையே திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

“யாரு சிரிக்கா?”

“ஏளா, கடையில ரேடியோ பக்கத்துல வச்சுப் பதிஞ்சது. நாலு பேரு வருவாக, போவாக.”

“பின்னால ஒரு பிள்ள சிணுங்குதே. அதுவும் சாமான் வாங்க வந்துச்சோ?”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். குழம்பு அடிப்பிடித்த வாடை வீடெங்கும்.

இப்போது ஹெட்போனில் அந்தப் பிள்ளையின் சிணுங்கல் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. கடைச் சந்தடி எங்குமே இல்லை. இதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது?

அடுத்த பயணத்துக்கு அப்பா பெட்டியைத் தூக்கியபோது அம்மா வாசல்வரை வந்தாள்.

“இந்தத் தடவ பாட்டு ஒண்ணும் வேண்டாம். நீங்க வந்தாப் போதும்.”