அந்தோனியின் தனிக் கோப்பை

ஒரு கிழமையாக என் முகத்தில் தாடி. சந்தையில் கண்டவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தித் துக்கம் விசாரிக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் சுகம். தாடிக்குக் காரணம் வேறு... சொல்கிறேன்.

எங்கள் உரும்பிராய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் மயிலிட்டியிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. என் சிநேகிதரான டொக்டர் ஒருவர் அங்கே போய் இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார். ஈரலைப் பிடிக்கும் செங்கண்மாரி என்ற மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க. கண் மஞ்சளாகாமலே வருஷக்கணக்கில் உடம்புக்குள் குந்தியிருக்குமாம் அது.

முதலில் கையை நீட்டியவன் அந்தோனி. அவனுக்குத்தான் கிருமி இருந்தது. டொக்டர் இரகசியமாகத்தான் சொன்னார். அவன் வகுப்பறையைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும் சேலை மறைப்புக்குப் பின்னால் மனைவி மேரியிடம் சொன்னான். சேலைக்குக் காது கேட்காதா என்ன? விடிவதற்குள் முகாமுக்கே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு ஒருவரும் கை நீட்டவில்லை. அந்தோனியும் கிளினிக் பக்கம் வரவில்லை. ஏன்? ஊசிக்குப் பயப்படும் ஆட்களா இவர்கள்? எனக்கு மண்டை குடைந்தது. டொக்டரோடு நானும் சைக்கிளில் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அந்தோனி விறாந்தையின் கடைசியில், தனக்கென்று ஒதுக்கிய நெளிந்த சாப்பாட்டுக் கோப்பை ஒன்றோடு தனியே இருந்தான். 

“இவருக்குத் தெரிஞ்சதே போதும் ஐயா,” என்றாள் மேரி. “பிள்ளையளுக்கும் கிடக்கெண்டால் எங்களை ஆர் வகுப்புக்குள்ளை வைச்சிருப்பினம்?”

அந்தோனி தொழிலுக்குப் போகும் தோணியின் சொந்தக்காரரான சம்மாட்டியும் அதே முகாம்தான். தோணி இப்போது குருநகரில் நிற்கிறது.

“குறை நினையாதேங்கோ டொக்டர். தோணியிலை எல்லாரும் ஒரு சட்டியிலைதான் சாப்பிடுறது. இவனை எப்பிடி ஏத்திறது?” என்றார் அவர்.

“நான் சாப்பிட்டிட்டே வாறன் சம்மாட்டி,” என்றான் அந்தோனி.

“சட்டியாலை உது தொத்தாது,” என்றார் டொக்டர். “ரத்தத்தாலைதான் தொத்தும். புருசன் பெண்சாதிக்குள்ளை தொத்தும். தாயிட்டையிருந்து பிள்ளைக்குப் போகும். பாவிச்ச ஊசி, சவர பிளேட்...”

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். கிணற்றடி மதிலில் ஒரு கண்ணாடி. ஒருவர் சவரம் செய்து முடித்து, றேசரை அடுத்தவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“சம்மாட்டி, உங்கடை றேசர் எது?”

“உதுதான். எல்லாருக்கும் உதுதான். புது பிளேட்டுக்கு எங்கை போறது?”

“அந்தோனிக்கும்?”

“அவனுக்கும்தான். அவன்தானே பிளேட்டைக் கண்ணாடிக் கிளாசுக்குள்ளை தேய்ச்சுத் தாறவன். அவன்ரை கைக்குத்தான் கூர் வரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் சம்மாட்டியின் கை தன் நாடிக்குப் போனது. அன்று காலை சவரத்தில் வெட்டிய காயம் அதில் இன்னும் காயவில்லை.

முதலில் சிரித்தவன் அந்தோனி. “கோப்பையைத் தனியாக்கிப் போட்டு, பிளேட்டை என்னட்டைத் தந்திருக்கிறியள்.”

சம்மாட்டி சிரிக்கவில்லை. வகுப்பறை வாங்கில் உட்கார்ந்து கையை நீட்டினார். “எடுங்கோ டொக்டர்.” அவருக்குப் பின்னால் தோணிக்காரர் எல்லோரும். கடைசியில் மேரி, பிள்ளைகளோடு.

கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி கொழும்பிலிருந்து வரவேண்டும். எப்போது வருமோ... டொக்டர் அலைந்துகொண்டிருக்கிறார். அந்தோனி சாராயத்தை விடவேண்டும். தவறாமல் கிளினிக்குக்கு வந்து ஈரலைக் காட்டவேண்டும்.

“வருவான்,” என்றார் சம்மாட்டி. “கிளினிக்குக்குப் போகாட்டில் தோணியிலை ஏத்தமாட்டன்.”

சற்று முன் நோய் இருக்கிறது என்று ஏற்ற மறுத்த அதே மனிதர். அந்தோனி எழுந்து போய், நெளிந்த கோப்பையை மற்றக் கோப்பைகளோடு போட்டுக் கழுவினான். 

சரி, தாடி? என் வீட்டு றேசரில் மச்சானும் பங்கு. புது பிளேட் கடையில் இல்லை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தயவுசெய்து வெறுங்கையோடு வரவேண்டாம் — ஒரு பிளேட் கொண்டுவாருங்கள்.