வாய்க்குள் நெருப்பு: ஆரம்பாக்கம் செங்கல் சூளைக்கு மூன்று முறை

பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். ஊர் சுற்றுவது என்றால் எனக்கு மலை, கோவில், கடல்தான். ஒரு செங்கல் சூளைக்குப் போய்வந்து அதைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. போன தை மாதம் ஆரம்பாக்கத்திலிருந்து செல்வி என்ற பெண் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தாள். கிராமத்தில் சுகாதார வேலை பார்ப்பவள். ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு உட்கார்ந்தபடியே, தங்கள் பக்கத்துச் சூளைக்கு ஆந்திராவிலிருந்து வரும் பெண்கள் சுருட்டைத் திருப்பிப் பிடிக்கிறார்கள், நெருப்பு முனை வாய்க்குள் இருக்கும் என்றாள். அதில் ஒருத்திக்கு மேல் அண்ணம் முழுக்க வெள்ளை படர்ந்து, நடுவில் ஆறாத புண். அது என்னவாக மாறலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னதைக் கேட்டபின் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து ஆரம்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் பதினைந்து ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். பெரும்பாலான வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சூலூர்ப்பேட்டை வரை போகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஸ்டேஷனிலிருந்து செல்வி வீடு இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். எங்கே போகிறேன் என்று கேட்ட ஆட்டோக்காரரிடம் சூளையைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "விடியறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தாண்ட மட்டும் போவாதீங்க மேடம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அங்கே வேலை ஆரம்பிப்பதே விடிவதற்கு முன்புதான். இரவு செல்வி வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஐந்து பத்துக்கு அவளுடைய மொபெட்டில் புறப்பட்டோம். நான்கு கிலோமீட்டர் வயல்வழி. பனி அப்படி இறங்கியிருந்தது, அவள் முதுகைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியவில்லை. தெற்கே கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளின் வெளிச்சம் மட்டும் பனிக்குள் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. சூளையில் இறங்கியபோது ஐந்து பெண்கள் தலையில் செங்கல் பலகையோடு வரிசையாக வந்தார்கள். மூக்கிலிருந்து புகை வருகிறது, நெருப்பு எங்கேயும் இல்லை. கடைசியாக வந்தவள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உள்ளே சுருட்டு முனை கனன்றுகொண்டிருந்தது. நான் ஓரடி பின்னால் போய்விட்டேன்.

செல்வி சொன்ன பெண் அவள்தான், பெயர் அப்பலம்மா. வடக்கு ஆந்திராவில் விஜயநகரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். நாற்பது வயதிருக்கும். கணவரோடு ஒன்பது வருடமாக இந்தச் சூளைக்கு வருகிறாள். சுமை தூக்கும்போது இரண்டு கையும் பலகையில் இருக்கும். நெருப்பு உள்ளே இருந்தால் காற்றில் அணையாது, பசியும் தெரியாது. பதினைந்து வயதில் பழகியது. எனக்கு டார்ச் அடித்துப் பார்க்க வாயைக் காட்டினாள். செல்வி சொன்னது குறைவுதான்.

நான் கொண்டுபோயிருந்த புற்றுநோய்ப் படங்களை எல்லாருக்கும் காட்டினேன். பார்த்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "இவங்களாண்ட படம் காட்டிக்கினு நிக்காத அக்கா" என்றாள் செல்வி. "எதுக்கு உட மாட்டேன்றாங்கன்னு கேளு."

கேட்டோம். அப்பலம்மா தெலுங்கில் மெதுவாகச் சொல்ல, செல்வி எனக்குச் சொன்னாள். மண் குழைக்கத் தண்ணீர் எடுக்கும் பள்ளம் சூளைக்குப் பின்னால் இருக்கிறது. இருட்டு பிரியும் நேரத்தில் அங்கே போனால் ஏதோ ஒன்று பேர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொல்லக்கூடாது. வாயில் நெருப்பு இருந்தால் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன் அவள் தங்கைக்குச் சுருட்டு தீர்ந்துபோயிருந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "வஸ்துன்னா" என்று சொல்லிக்கொண்டே தங்கை தண்ணீருக்குள் நடந்து மூழ்கிப்போனதை அப்பலம்மா கரையிலிருந்து பார்த்திருக்கிறாள். வருகிறேன் என்று அர்த்தம்.

மூன்று வாரம் கழித்து, மாசியில், மறுபடி போனேன். இந்த முறை டாக்டர் எழுதிக்கொடுத்த நிகோடின் சூயிங்கம் பையில் இருந்தது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நானும் உன்னோடு தண்ணீருக்கு வருகிறேன் என்று அப்பலம்மாவிடம் சொன்னேன். செல்வி மொபெட் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். நாங்கள் இருவரும் நடந்தோம், முந்நூறு அடி இருக்கும். பள்ளத்தில் தண்ணீர் அசையவே இல்லை. அப்பலம்மா குனிந்து குடத்தை அமிழ்த்தினாள்.

"சின்னக்கண்ணு."

என்னை அப்படிக் கூப்பிட்டவர் என் பெரியம்மா ஒருவர்தான். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. எதிர்க்கரையிலிருந்து, சாப்பிடக் கூப்பிடுகிற அதே இழுப்பில் வந்தது. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் இப்போது நினைத்தாலும் நடுக்குகிறது. "இதோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பலம்மாவின் உள்ளங்கை என் வாயைப் பொத்தியது. செங்கல் தூள் அப்பிய சொரசொரப்பான கை. குடம் நிரம்பும் வரை அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. செல்விக்கு எதுவும் கேட்கவில்லையாம். எனக்கு இதற்கு விளக்கம் தெரியாது, தேடவும் இல்லை.

அதன் பிறகு நான் அவளோடு வாதாடவில்லை. சூயிங்கத்தைக் கொடுத்து, மெதுவாக மெல்ல வேண்டும், காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும், மெல்லும்போது பேசவேண்டாம் என்றேன்.

"வாய் தெறக்கக்கூடாதா?" என்றாள் அவளுடைய தமிழில்.

"தெறக்கவே கூடாது" என்றேன்.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பசிக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. செல்வி மேஸ்திரியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி, ஐந்து மணிக்கே எல்லாருக்கும் கேழ்வரகுக் கஞ்சிக்கு ஏற்பாடு செய்தாள். தண்ணீருக்கு இரண்டு பேராகப் போவது என்று பெண்கள் அவர்களாகவே முடிவு செய்தார்கள். அப்பலம்மாவைத் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சதைப் பரிசோதனை செய்ததும் செல்விதான். புற்று இல்லை, ஆனால் விடாவிட்டால் வரும் என்றார்கள். சுருட்டை விட்ட முதல் வாரம் அவளுக்குத் தலைவலி, கைநடுக்கம், கணவரோடு சண்டை. ஐந்தாம் நாள் இரண்டு சுருட்டு பிடித்துவிட்டு, செல்வியிடம் அவளே வந்து சொல்லியிருக்கிறாள். மறுநாள் மறுபடி ஆரம்பித்தாள்.

பங்குனியில் மூன்றாவது முறை போனபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். புண் மூடியிருந்தது, வெள்ளை மெலிந்திருந்தது. இன்னும் இரண்டு பெண்கள் தங்களுக்கும் சூயிங்கம் வேண்டும் என்று நின்றார்கள்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: தெலுங்கு தெரிந்த உள்ளூர்ப் பெண் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். முந்தின நாள் மாலையே போய்த் தங்குங்கள். சூயிங்கத்தை டாக்டர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். விட நினைப்பவர்களுக்கான இலவச அரசு எண் சிகரெட் அட்டை மேலேயே அச்சாகியிருக்கிறது. அந்தப் புகை அவர்களுக்கு என்ன செய்துகொடுக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். பதில் எப்படி இருந்தாலும் சிரிக்காதீர்கள். ஒரு ஆள் போதையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

மழைக்கு முன்னால் சூளையை மூடிவிட்டு அவர்கள் ஊருக்குப் போனார்கள். அப்பலம்மாவின் ஊரில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான் பிடிப்பார்கள். அங்கே அவள் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆடி மாதம் ஒருநாள் விடியற்காலை ஐந்தே காலுக்குப் போன் அடித்தது, தெரியாத எண். யார் என்று கேட்டேன். காற்றுச் சத்தம், அதற்குள் மெதுவாக எதையோ மெல்லும் சத்தம். போனை வைக்க மனம் வரவில்லை. ஜன்னல் வெளுக்கும் வரை காதிலேயே வைத்திருந்தேன்.

"அக்கா, நேனு, அப்பலம்மா" என்றது குரல். "இன்னி வரைக்கும் சுருட்டு குடிக்கல."