பாட்டில் என்னுடையது, போட்டோ அவளுடையது

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர். மகளிர் குழுவில் ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டியை என் ஓரகத்தி வசந்தாவிடம் கொடுத்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு அவள் நடப்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன மழையில் ஏரி மீன்கள் செத்து மிதந்தன. ஏரிக்குப் போகும் கால்வாயில், எங்கள் மாட்டுக்கொட்டகையைத் தாண்டித் தண்ணீர் ஓடும் கீழ்ப்பக்கத்தில் மட்டும் தண்ணீர் எடுத்துச் சோதித்த வசந்தா, குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "அக்கா வூட்டு சாணித்தண்ணிதான் ஏரிய கெடுக்குது" என்றாள். கொட்டகையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவள் மூக்கை உடைக்கவே மறுநாள் காலை பாட்டிலோடு கால்வாய் ஓரமாக மேலே நடந்தேன். கொட்டகைக்கு மேலேயே தண்ணீர் நாறியது. ரோட்டுப் பாலத்தடியில் ஒரு கழிவுநீர் லாரி கால்வாயில் குழாயை விட்டிருந்தது. அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வசந்தாவுக்கே போன் செய்தேன். பெட்டி அவளிடம்தானே இருக்கிறது!

ஆட்களோடு ஓடிவந்தவள், "இன்னாக்கா, மேலயே இப்டி கீது!" என்று வாயைப் பிளந்தாள். லாரி பிடிபட்டது, கொட்டகை தப்பியது. ஆனால் குழு வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவில், என் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவள் மட்டும் சிரிக்கிறாள்.

இப்போதெல்லாம் சோதனைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது நான்தான். சந்தேகப்படும் இடத்துக்குக் கீழே மட்டுமல்ல, மேலேயும் தண்ணீர் எடுக்கிறேன். பாட்டிலில் என் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டுத்தான் அவள் கையில் கொடுக்கிறேன்.