குசினியை அளக்காத வரைபடம்

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய பங்களாவை ஹோட்டலாக்கப் போகிறார்கள், அளந்து வரைபடம் போட வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வேலை வந்தது. நான் வளர்ந்த இடம் அது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் அப்பா முப்பது வருஷம் அங்கே அப்பு, அதாவது பங்களாச் சமையல்காரர். அவருடைய குசினியில் உட்கார்ந்துதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். கண்டியில் கட்டடப் படம் வரைகிறவளாக நாற்காலி பிடித்த பிறகு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு அந்தப் பங்களாவில் பின்வழி மட்டும்தான். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனாலும் முன்வாசல் படியில் என் கால் பட்டதே கிடையாது. அளக்கப் போன அன்று எங்கள் கட்டடக் கலைஞரும் நானும் வந்த கார் நேரே போர்ட்டிகோவில் போய் நின்றது. காவலாளி ஓடி வந்து "வாங்க மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடு அழகுதான், மறுக்க மாட்டேன். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு துரை தொடங்கியது. பின்னால் வந்த துரைமார் ஆளுக்கொரு துண்டு ஒட்டினார்கள். ஒருவர் வளைந்த ஜன்னல்களோடு வரவேற்பறை கட்டினார், ஒருவர் மாடி எடுத்தார், ஊர் ஞாபகம் தாங்காத இன்னொருவர் மூலையில் கூம்புக் கூரை வைத்து ஒரு குட்டிக் கோபுரம் எழுப்பினார். கடைசியாக வந்த நம் நாட்டுத் துரை அஸ்பெஸ்டஸ் போட்டு ஓர் ஆபீஸ் அறை சேர்த்தார். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் மழைக்கு ஒரு தகரம் நீட்டினாலே வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு வந்து பிடுங்கச் சொல்வார். பங்களா மட்டும் கேட்பாரில்லாமல் வளர்ந்தது. எந்தத் துண்டு எந்தக் காலம் என்று சுவரைத் தட்டி, கனம் அளந்து, நிறம் பிரித்துக் குறித்தேன்.

குசினிக்குள் மட்டும் போகவில்லை. அங்கே வேலை செய்கிற அக்காவுக்கு என்னைத் தெரியும். "அப்பு மகதானே நீ?" என்று கேட்டுவிட்டால்? பக்கத்தில் நிற்கிற கட்டடக் கலைஞர் காதில் விழுந்துவிட்டால்? கரி பிடித்த தகரக் கூரையை வெளியே நின்றே பார்த்தேன். நீள அகலத்தை எடுத்துக்கொண்டு, 'பிற்காலத்துச் சமையல் கொட்டகை, அகற்றலாம்' என்று எழுதினேன்.

அன்று சாயந்தரம் லயத்துக்குப் போனேன். அப்பா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"குசினிய அளந்தியாம்மா?"

"அளந்தேன்ப்பா."

"உள்ளுக்குப் போயி?"

"உள்ளுக்குப் போயிதான்."

"அப்பச் சரி. பாத்தா தெரிஞ்சிரும், தொடமாட்டாங்க. அந்த வீட்டுலயே மூத்தது அதுதான். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் பொறந்ததுங்க."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், குசினி நிற்க வேண்டும். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் கண்டிக்கு பஸ் ஏறினேன்.

குசினிக் கூரையும் இரண்டு சுவர்களும் இடிபட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. கட்டடக் கலைஞர் யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிற மனிதர். போனில் அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"பிள்ளை, அது கொட்டகை இல்லை. இரண்டரை அடிக் கருங்கல்லுச் சுவர். முதல் துரை வந்து இருந்த ஒற்றை அறை வீடு அதுதான். சாப்பாட்டறைப் பக்கம் கல்லு வைச்சு அடைச்ச ஜன்னல் ஒண்டும் இருந்திருக்கு. நீர் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்லையே?"

"கவனிக்கல சேர்" என்றேன்.

கவனிக்காமல் என்ன! அந்த ஜன்னல் குழியில்தான் அப்பா உப்புச் சாடியும் மிளகாய்த்தூள் டின்னும் வைப்பார். ஜன்னல் வெளிச்சுவரில்தான் வைப்பார்கள், ஆகவே அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு காலத்தில் வீடே இல்லை. இதைப் படிப்பதுதான் என் தொழில். ஓர் அடி உள்ளே வைத்திருந்தால் போதும்.

ஹோட்டல் திறப்பு விழாவுக்குப் பழைய வேலையாட்களையும் அழைத்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டியும் கோட்டுமாக வந்தார். குசினி இருந்த இடத்தில் கார்கள் நின்றன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே கட்டடக் கலைஞரிடம் போனார்.

"ஐயா, இது எம் மகங்க. இதுதான் உள்ள போயி அளந்துட்டு வந்துச்சு. படத்துல எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கும். இடிச்சவனுங்கதான் படத்தப் பாக்காம இடிச்சிட்டானுங்க. நீங்க கொஞ்சம் விசாரிக்கணும்ங்க."

என் கையெழுத்தோடு அந்த வரைபடம் அவருடைய அலுவலக மேசையில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பேச அவகாசம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

"விசாரிக்கிறன் ஐயா" என்றார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் எடுக்கிறார். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்டுவிட்டு, "அந்த ஐயா விசாரிச்சாராம்மா?" என்கிறார்.

"விசாரிச்சுக்கிட்டு இருக்காருப்பா" என்கிறேன்.