பந்து அசைந்ததை யார் சொன்னது

கோல்ஃபைப் பற்றித் தமிழில் எழுதுகிறவள் என்று என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "அத யாருங்க படிக்கிறா?" என்று கேட்பார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். வந்து என்ன செய்ய? எங்கள் நாளிதழில் என் கோல்ஃப் செய்தி, விளையாட்டுப் பக்கத்தில் இடமில்லாமல், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில்தான் வரும். தெரிந்தவர் யாராவது போய்விட்டாரா என்று பார்க்கிறவர்கள் போகிற போக்கில் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள்தான் என் வாசகர்கள்.

இந்த விளையாட்டுக்குள் நான் வந்ததே என் வீட்டுக்காரரால்தான். ஜொகூர் பாருவுக்கு வெளியே ஒரு கிளப்பில் அவர் கெடி. ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், காற்று எப்படி, தூரம் எப்படி, எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும், பந்தில் ஒட்டிய மண்ணைத் துடைக்க வேண்டும். அதோடு வாயை மூடிக்கொண்டும் இருக்க வேண்டும். கடைசி வேலைதான் கஷ்டம் என்பார். ஆட்டக்காரர் சொதப்பும்போதெல்லாம் இவர் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் முணுமுணுப்பார். "இத்தூண்டு தூரத்தக்கூட தள்ளத் தெரியல, இதெல்லாம் ஒரு மூஞ்சி" என்கிற ரகத்தில் இருக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால் இவருக்கு அந்த வாய்ப்பு.

இவர் வழக்கமாகப் பை தூக்கும் ஆட்டக்காரர் லாபிஸ் என்கிற ஊர்க்காரர், சீனர். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து முகப்பில் அவர் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையிலிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்தவர் என்று நானே இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன். அவரும் என் வீட்டுக்காரரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். இவர் அவரை 'பாஸ்' என்பார், அவர் இவரை 'பிரதர்' என்பார்.

ஒரு போட்டியின் கடைசி நாள். முடிய இரண்டே குழிகள் இருந்தன. லாபிஸ்காரரும் இன்னொருவரும் சமமாக இருந்தார்கள். லாபிஸ்காரர் அடித்த பந்து ஓரத்துச் செம்பனை மரத்தடியில் போய் விழுந்தது. அந்த இடம் முன்பு எண்ணெய்ப் பனைத் தோட்டமாக இருந்ததால் இன்னும் அங்கங்கே செம்பனை நிற்கிறது. பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், வெயிலில் வெந்துகொண்டு நான் நின்றேன். அவர் குனிந்து பந்துக்குப் பக்கத்தில் கிடந்த காய்ந்த ஓலையை எடுத்தார். நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையைத் தூக்கி அதிகாரியைக் கூப்பிட்டார்.

ஓலையை எடுத்தபோது பந்து லேசாக அசைந்துவிட்டதாம். அப்படி அசைந்தால் கணக்கில் ஓர் அடி கூடும்; குறைந்த அடியில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. பந்து அசைந்ததை அதிகாரி பார்க்கவில்லை, எதிராளி பார்க்கவில்லை, கேமரா அந்தப் பக்கமே திரும்பவில்லை. கோல்ஃபில் ஆட்டக்காரர் தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும் என்பது முறை. சொன்னார். அந்த ஓர் அடியில் கோப்பை போனது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "கிட்டத்தான நின்னீங்க? அவரு முகம் எப்படி இருந்துச்சு? என்ன சொன்னாரு?"

அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "நீ என்ன பாத்தியோ அத எழுது" என்றார்.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எழுதினேன். யாரும் பார்க்காத இடத்தில் தன் மனசுக்குப் பயந்த மனிதர் என்று உருகி உருகி எழுதினேன். அதில் கெடி ஒரே ஒரு வரியில் வருகிறார், பையோடு பக்கத்தில் நிற்கிறார்.

கோல்ஃப் எழுத்துக்கான விருதுகளுக்குப் பிற மொழிக் கட்டுரைகளையும் ஆங்கிலப்படுத்தி அனுப்பலாம் என்று தெரிந்து, நானே மொழிபெயர்த்து அனுப்பிவைத்தேன். பிறகு மறந்தும் போனேன். ஒரு நாள் எங்கள் ஆசிரியர் கூப்பிட்டு, "அலமாக்! நம்ம பேப்பர் பேரு இறுதிச் சுற்றுல வந்திருக்கும்மா!" என்று கத்தினார். போனைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணாடி விரிசல் விட்டது. இன்னும் மாற்றவில்லை.

விழா ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில், மதிய விருந்தோடு. நான் புடவையில் போனேன். வீட்டுக்காரர் தம்பியிடம் வாங்கிய பாத்திக் சட்டையில், கழுத்தை இறுக்குகிறது என்று முனகிக்கொண்டே வந்தார். மண்டபத்தில் தமிழர் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும், பரிமாறிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும்தான்.

எங்கள் மேசையில் லாபிஸ்காரரும் இருந்தார். கட்டுரைப் பரிசைக் கொடுப்பதற்கு அவரையே அழைத்திருந்தார்கள். சூப் வந்தபோது என் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார்.

"உங்களுக்கு ரொம்ப நாளாக நன்றி சொல்ல நினைத்தேன். உங்கள் கணவர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். தெரிந்தும் நீங்கள் என் மானத்தைக் காப்பாற்றி எழுதினீர்கள்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதை?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வருவதாக எழுந்து போய்விட்டார்.

"என்னங்க, இவரு என்ன சொல்றாரு?"

"அப்புறம் சொல்றேன்லா. சாப்பிடு."

"இப்பவே சொல்றீங்களா, நான் இங்கயே சத்தம் போடவா?"

போடுவேன் என்று அவருக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "பந்து அசைஞ்சத நான்தான் பாத்தேன். அவரும் பாத்தாரு. பாத்துட்டு அடுத்த அடிக்கு மட்டைய எடுக்கச் சொன்னாரு. 'பாஸ், நீங்க சொல்லிடுங்க, இல்லன்னா நான் பைய இங்கயே வச்சிட்டுப் போயிடுவேன்'னேன். அப்புறம்தான் கையத் தூக்கினாரு."

காது அடைத்துக்கொண்டது. மண்டபத்தில் எல்லோரும் வாயை அசைப்பது மட்டும் தெரிந்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ எழுதுவ. ஆட்டக்காரன மிரட்டுற கெடின்னு பேரு வந்துட்டா அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான்? இந்த ஒரு வேலதான எனக்குத் தெரியும்?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "எழுதி முடிச்சிட்டு நீ அவ்ளோ சந்தோசமா இருந்த."

அந்த நிமிஷத்தில்தான் மேடையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். பரிசு எனக்குத்தான். பின்னால் திரையில் என் கட்டுரையின் தலைப்பு, 'யாரும் பார்க்காதபோது', பெரிய எழுத்தில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

கால் தானாக நடந்தது. மேடையில் லாபிஸ்காரர் கண்ணாடிக் கோப்பையோடு நின்றார். நன்றி சொல்ல ஆங்கிலத்தில் நான்கு வரி மனப்பாடம் செய்திருந்தேன். நேர்மையைப் பற்றிய வரிகள். அவற்றைச் சொல்ல நாக்கு கூசியது. உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரரின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் பொய்க்குப் பரிசு வாங்கிக்கொண்டு காலமெல்லாம் அதைத் துடைத்து வைக்க வேண்டும். எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. எல்லோர் மேலும்தான்.

"நான் தமிழில் எழுதினேன், அதனால் தமிழிலேயே நன்றி சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு தமிழில் ஆரம்பித்தேன்.

"நான் எழுதினது உண்மை இல்ல. நான் பாத்தது தூக்கின கைய மட்டும்தான். பந்து அசைஞ்சத சொல்ல இவருக்கு மனசே இல்ல. சொல்ல வச்சது எங்க வீட்டுக்காரரு. பைய வச்சிட்டுப் போயிடுவேன்னு சொன்னாரு. அந்தப் பைதான் எங்களுக்குச் சோறு. அவரப் பத்தி ஒரே ஒரு வரிதான் எழுதினேன். இந்தப் பரிசு எனக்கு வேணாம்."

இறால் தட்டோடு போன பெண் அப்படியே நின்றுவிட்டாள். அவளையும் இன்னொரு பெண்ணையும் என் வீட்டுக்காரரையும் தவிர மற்றவர்கள் எல்லோரும் ஒரே கைதட்டல். முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். நிகழ்ச்சி நடத்தியவர், எவ்வளவு இனிமையான மொழி என்றார்.

இறங்கிவிடலாம் என்று திரும்பினேன்.

"தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னது லாபிஸ்காரர். அப்பட்டமான தோட்டத்துத் தமிழ். "எங்கப்பா கடைக்கு வந்ததெல்லாம் தமிழாளுங்கதான். நான் சீனம் பேசறதுக்கு முன்னாடியே தமிழ் பேசினவன்" என்றார்.

மேசையில் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வேலை போகிற பயம் மட்டும் இல்லை அது. இத்தனை வருஷமாகத் தரையைப் பார்த்து முணுமுணுத்ததெல்லாம் ஒன்றுவிடாமல் அவர் காதில் விழுந்திருக்கிறது!

லாபிஸ்காரர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்த அம்மா பேசியது உங்களுக்குப் புரியவில்லை, நான் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் சொன்னதை வரிக்கு வரி சொன்னார். தனக்கு மனசே இல்லை என்பதையும் விடவில்லை. கடைசியில், "அன்றைக்கு அந்தக் கையை நான் தூக்கவில்லை, என் கெடிதான் தூக்க வைத்தார். அவரைப் போல ஓர் ஆள் உங்களுக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை நடுவில் கயிறு இல்லை. அவர் கழுத்து நரம்பு துடித்ததையும், அவர் எச்சில் விழுங்கியதையும் பார்த்தேன். அவரை யாரும் மிரட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு என் கையில் கோப்பையைத் திணித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

அவர் கோப்பையை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் கையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

கார் நிறுத்துமிடத்துக்கு அவர் எங்கள் பின்னாலேயே வந்தார். என் வீட்டுக்காரர் தலை நிமிரவே இல்லை. "பாஸ்..." என்று இழுத்தார்.

"நாளைக்குக் காலைல வந்துருங்க அண்ணே" என்றார் அவர் தமிழில். "இனிமே சத்தமாவே திட்டுங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் காரில் ஏறினோம். பாலத்தடி நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே, "நீ என்ன பாத்தியோ அத எழுது" என்றார்.

"எழுதறேன். அதுக்கு முன்னாடி அன்னைக்கு நீங்க என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க. மொத குழியிலேருந்து."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இதை நான் அவரிடம் கேட்டதே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்னைக்குக் காலைல காத்து கடல் பக்கமிருந்து வந்துச்சு" என்று ஆரம்பித்தார்.