கட்டிலுக்கு அடியில் பேட்டரி

எங்களுடையது வளையல் கடை. கடை என்றால் கட்டடம் கிடையாது. திண்டிவனம், ஒலக்கூர், வானூர் பக்கம் எங்கே திருவிழா நடந்தாலும் என் வீட்டுக்காரர் வேனை ஓட்டிக்கொண்டு போவார், கோயில் வீதியில் பலகை போட்டு விரிப்போம். மாசியிலிருந்து ஆடி முடியும்வரை குடித்தனமே வேனுக்குள்தான். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு துணிப்பெட்டி. பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு அது தாராளம்.

எனக்கு இழுப்பு நோய். ஒரு வருடம் அது முற்றிப்போய், விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தேன். மருந்தைப் புகையாக்கி மூக்கில் விடும் மெஷின் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்து, "இது எப்பவும் பக்கத்துல ஓடற நிலைல இருக்கணும். முடியலன்னா ஊர் ஊரா சுத்தாதீங்க, வீட்லயே இருங்க" என்றார். இவர் திருவிழா திருவிழாவாகப் போக, நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? நினைத்தாலே அழுகை வந்தது.

"உன்ன வுட்டுட்டு நான் மட்டும் போயி இன்னா பண்றது" என்றார் இவர்.

கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமாக இருந்த வருடங்கள் அவை. வேனில் பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்தார். அதை ஏற்ற சார்ஜர் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, இந்த பேட்டரிக்கு இந்த ஆம்பியர் போதும், மெதுவாக ஏறும், நிரம்பினால் தானே நின்றுவிடும் என்றார். இவர் காதில் வாங்கினால்தானே.

"கரண்ட் இருக்கறதே கொஞ்ச நேரம். இது ஏர்றதுக்குள்ள தேரே நிலைக்கு வந்துடும். ஜல்தியா ஏர்ற மாதிரி குடுங்க" என்று, லாரி பட்டறையில் வைக்கும் பெரிய சார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் ஹை, லோ என்று ஒரு ஸ்விட்ச். தானாக நிற்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. இவர் அதை ஹையில் வைத்தார், வைத்ததோடு சரி.

திருவிழாக் கடைக்காரர்களுக்குத் திருட்டு பயம் அதிகம். எங்கள் ஆட்கள் எல்லோருமே பேட்டரியைப் படுக்கைக்கு அடியில்தான் வைப்பார்கள். நாங்களும் அப்படியே வைத்தோம். பகலில் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜ் ஏறும். சாயங்கால வியாபாரத்துக்கு முன்னால் நான் சாப்பிட்டுவிட்டு, புழுதி வராமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு அந்தக் கட்டிலில் படுப்பேன்.

எழுந்திருக்கும்போது நெஞ்சு விசிலடிக்கும். இவருக்குத் தெரிந்தால் வீட்டில் விட்டுவிடுவாரே என்று, இவர் பலகை போடப் போன சமயம் பார்த்து மெஷினை வைத்துக்கொள்வேன். இவருக்குத் தெரியாமல் மெஷின் ஓடியதில் பேட்டரி சீக்கிரம் இறங்கியது. "இன்னும் நல்லா ஏத்தணும்" என்று இவர் கூடுதல் நேரம் ஏற்றினார். எனக்கு இழுப்பும் கூடியது. வேனுக்குள் ஒரு காட்டமான வாடை இருந்தது எனக்குத் தெரியும். பேட்டரி என்றால் வாடை அடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். மூக்குப்பொடி போடும் இவருக்கோ மல்லிகைப் பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

கிளியனூர்த் திருவிழாவில் டிரான்ஸ்பார்மர் வெடித்து, கரண்ட் சுத்தமாக இல்லை. ஊரே மின்சாரக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினேன். மெஷினைத் தொடவே இல்லை. கரண்ட் வந்து சார்ஜர் உறும ஆரம்பித்த அன்றே நெஞ்சு அடைத்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சொன்னால் எல்லாம் வெளியே வரும். இருந்தாலும் சொன்னேன்.

"ஏங்க, கரண்ட் இல்லாத நாள்ல எனக்கு நல்லா இருக்குதுங்க."

"அது இன்னா கத?" என்று சிரித்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டினார். பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. ஆசிட் ஆவி அந்தப் பொடி மூக்கிலேயே ஏறி, இருமிக்கொண்டு வெளியே வந்தார்.

"எத்தினி நாளா இப்படி? ஏன் சொல்லல?"

"சொன்னா வீட்ல வுட்டுட்டு வருவீங்க."

"உன்ன கூட்டிக்கினு வரணும்னு வாங்கனத உன் நெஞ்சுக்கு அடியிலயே வச்சிருக்கேன் பாரு" என்றார். இவர் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பேச்சைக் கேட்காததற்கு இவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

மறுநாளே திண்டிவனம் போய், கடைக்காரர் முதலில் காட்டிய அதே சின்னப் பெட்டியை வாங்கி வந்தார். பேட்டரியை வேனுக்கு வெளியே, பின்சக்கரத்தை ஒட்டிக் காற்றோட்டமாக வைத்தார். அடுத்து வானூர்ப் பக்கம் ஒரு திருவிழா. நான் கட்டிலில் படுத்தேன். இவர் பேட்டரிக்குக் காவலாக, அதைக் கட்டிய சங்கிலியின் மறுமுனையைக் காலில் சுற்றிக்கொண்டு வேன் நிழலில் படுத்துவிட்டார்.

மூச்சு சீராக இருந்தது. தூக்கம்தான் வரவில்லை. இவ்வளவு நாள் இழுப்பை மறைத்ததே இந்த மனிதர் பக்கத்தில் இருக்கத்தான். பாயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"புழுதி ஒத்துக்காது, உள்ள போ."

"பேட்டரிய மட்டும் காவல் காத்துக்கினு இருங்க. பொண்டாட்டிய எவனாவது தூக்கிக்கினு போவட்டும்" என்றேன்.

சங்கிலியை அவிழ்க்காமலே நகர்ந்து படுத்து, எனக்கு இடம் விட்டார்.